எண்ணிக் குறைத்த புண்ணியவான்கள்

வீடு கட்டிக் கொடுத்து வீடற்றவர்களைக் குறைப்பது யாருக்கும் வரும். அதற்குச் செங்கல் வேண்டும், சிமெண்ட் வேண்டும், மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும், பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். இந்த வம்பு எதுவும் இல்லாமல், ஒரு படிவத்தையும் பேனாவையும் ஒரே ஒரு ராத்திரியையும் வைத்துக்கொண்டு, பத்தாண்டுகளில் 1,70,436 பேரைத் தெருவிலிருந்து காணாமல் செய்திருக்கிறது நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. இதற்காக இதுவரை யாரும் அவர்களுக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. அந்தக் குறையை என்னால் முடிந்த மட்டும் இங்கே தீர்த்துவைக்கிறேன்.

2001 கணக்குப்படி இந்தியாவில் வீடற்றோர் 19,43,476 பேர். 2011-இல் 17,73,040. உத்தேசமாக, ஏறக்குறைய என்ற பேச்சே கிடையாது. கடைசி இலக்கம் வரை சுத்தம். பொறாமைக்காரர்கள் சிலர் இந்தத் தொகையை உடைத்துப் பார்த்து, குறைந்தது கிராமங்களில்தான், நகரங்களில் 7,78,599 பேராக இருந்தவர்கள் 9,38,348 ஆகக் கூடியல்லவா இருக்கிறார்கள் என்று முணுமுணுக்கிறார்கள். மொத்தம் குறைந்திருக்கிறது என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொல்லும்போது, உள்ளே கையை விட்டுத் துழாவுவது நாகரிகம் அல்ல.

வீடற்றவர் யார் என்று துறை வகுத்திருக்கும் இலக்கணத்தைப் படித்தவர்கள் அதன் அழகில் சொக்கிப்போவார்கள். சாலையோரத்திலும், நடைபாதையிலும், ஹியூம் பைப்புக்குள்ளும், மேம்பாலத்துக்கு அடியிலும், மாடிப்படிக்கு அடியிலும், வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளியிலும், மண்டபங்களிலும், ரயில் நடைமேடையிலும் வாழ்பவர்கள். சாக்கடைக்காக இறக்கிவைத்த குழாய்க்குள் ஒரு குடும்பம் ஒண்டிக்கொள்ள முடியும் என்பது டெல்லியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு தெரிந்தவர்கள் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்பது, வரைபடம் போட்டவனைப் பார்த்து ஊருக்கு ஏன் ரோடு போடவில்லை என்று கேட்பது மாதிரி.

அந்த இலக்கணத்துக்குள் ஒரு கருணையும் ஒளிந்திருக்கிறது. 2011 வீட்டுப்பட்டியல் படிவத்தில், கூரை எதனால் ஆனது என்ற கேள்விக்குரிய விடைகளில் பிளாஸ்டிக், பாலிதீனும் ஒன்று. சுவருக்கும் அதே விடை உண்டு. சென்னை வால்டாக்ஸ் சாலையிலோ பிராட்வேயிலோ, தாத்தா காலத்திலிருந்தே பிளாட்பாரத்தில் குடியிருக்கும் குடும்பம் ஒன்று, மழைக்குப் பயந்து நாலு குச்சி நட்டு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறது என்று வையுங்கள். வரும் கணக்கெடுப்பாளர் தாராள மனசுக்காரராக இருந்தால் அது வீடு. அதில் இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள். இதைவிடச் சிக்கனமான வீட்டுவசதித் திட்டம் எந்த நாட்டிலாவது உண்டா? மறுநாள் மாநகராட்சி லாரி வந்து தார்ப்பாயை அள்ளிக்கொண்டு போனாலும் கவலையில்லை. படிவத்தில் எழுதிய வீட்டை எந்த லாரியாலும் இடிக்க முடியாது.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். வீடு இல்லாதவர்களுக்கு பிப்ரவரி 28 இரவு. மற்றவர்களுக்கு இருபது நாள், இவர்களுக்கு ஓர் இரவு. காரணம் நியாயமானதுதான்: தெருவில் இருப்பவர் நாளைக்கு வேறு தெருவில் இருப்பார், ஒருவரை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. ஒரு முறைகூட எண்ணாமல் விட்டுவிடுவோமோ என்ற பயத்தைவிட, இரண்டு முறை எண்ணிவிடுவோமோ என்ற பயம் ஓர் அரசாங்கத்துக்கு எவ்வளவு பொருத்தமானது!

பகலெல்லாம் வகுப்பெடுத்து, மூன்று வாரம் மாடி மாடியாக ஏறி இறங்கிய பள்ளி ஆசிரியர்தான் பெரும்பாலும் அன்று ராத்திரி தெருவில் நிற்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குக் கொடுத்த வேலையின் சாமர்த்தியத்தைத்தான் பாராட்டுகிறேன். நள்ளிரவில் கோயம்பேடு சந்தைக்குப் போனால் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவர் வீடற்றவராகத் தெரிய மாட்டார், உழைப்பாளியாகத்தான் தெரிவார். அவர் படுப்பது பகலில். பகலில் கணக்கு இல்லை. மெஸ்ஸில் சப்ளையராக இருந்துகொண்டு, கடை சாத்தியதும் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுத் தூங்கும் பையனுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. வெளிச்சமான இடத்தில் படுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த பெண், யார் கண்ணிலும் படாத மூலையைத் தேடிப் போயிருப்பாள். வீட்டைவிட்டு ஓடிவந்த பதினைந்து வயதுப் பையனிடம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்து, உன் பெயர் என்ன, சொந்த ஊர் எது என்று கேட்டால் அவன் மறுபடி ஓடுவான். இவர்கள் எல்லாரும் துறைக்கு உதவியவர்கள். எண்ணிக்கை குறைந்ததில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

நியூயார்க் நகரத்து ஆட்களுக்கு இந்தத் தன்னம்பிக்கை கிடையாது. 2005-இல் அங்கே நடந்த ஓர் இரவுக் கணக்கெடுப்பின்போது, ஆராய்ச்சியாளர்கள் வீடற்றவர்களைப் போல ஆட்களைத் தெருவில் நிறுத்திவைத்து, எண்ண வருபவர்கள் அவர்களைக் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். 58 இடங்களில் 17 இடங்களில் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுபிடிக்கப்படுவதற்காகவே காசு வாங்கிக்கொண்டு நின்றவர்கள் கதி இது. ஒளிந்து படுத்தவர்களைப் பற்றி யோசித்து நாம் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

இளையவர்கள் விஷயத்தில் துறையின் சமத்துவ உணர்ச்சி கண்ணில் நீரை வரவழைக்கிறது. வீடற்றோருக்கான முதன்மைச் சுருக்க அட்டவணையில் வயது என்று தனியாகப் பிரித்திருப்பது ஒன்றே ஒன்று: 0 முதல் 6 வரை. ஏழு முடிந்ததும் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பொதுமக்களில் ஒருவர் ஆகிவிடுகிறது. எழுபது வயதுக் கிழவரும், பன்னிரண்டு வயதுச் சிறுமியும், காப்பகத்திலிருந்து பதினெட்டு முடிந்து வெளியே அனுப்பப்பட்ட இளைஞனும் ஒரே எண்ணுக்குள் தோளோடு தோள் நிற்கிறார்கள். சாதி, மதம், மொழி என்று பிரித்தே பழகிய நாட்டில் இப்படி ஒரு பேதமற்ற இடம் வேறெங்கே கிடைக்கும்?

சிறுவர்களை எண்ணும் பொறுப்பை எடுத்துக்கொண்ட மாநில அரசுகளும் சளைத்தவை அல்ல. தெருவில் வாழும் சிறார்களைக் கண்டறிந்து ‘பால் ஸ்வராஜ்’ இணையதளத்தில் பதிவு செய்யும்படி அவற்றுக்குச் சொல்லப்பட்டது. 2022-இன் தொடக்கத்தில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னது: தெருவில் 15 முதல் 20 லட்சம் சிறார்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு, மாநிலங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது 17,914. அதில் குடும்பத்தோடு தெருவில் இருப்பவர்கள் 9,530. பகலில் தெருவுக்கு வந்து இரவில் குடிசைப் பகுதிக்குத் திரும்புபவர்கள் 7,550. யாருமில்லாமல் தனியாக இருப்பவர்கள் 834.

834! இமயம் முதல் குமரி வரை, 36 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்ந்து, சராசரியாகத் தலைக்கு 23 பிள்ளைகள். அதே 2022-இல் ரயில்வே பாதுகாப்புப் படை ரயில்களிலிருந்தும் நிலையங்களிலிருந்தும் 17,756 சிறார்களை மீட்டதாகச் சொல்கிறது. தொலைந்தவர்கள், ஓடிவந்தவர்கள், கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஆகவே இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். நானும் ஒப்பிடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கணக்குகளின் மேல் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கைக்கு இன்னொரு சான்று உண்டு. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதில் நூறு பேருக்கு இடம் என்று ஓர் அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும், 2013-இல் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். கவனியுங்கள்: அந்த லட்சம், வீடற்றவர்களில் லட்சம் அல்ல. ஊர் மொத்தத்தில் லட்சம். வீடு இல்லாதவர்களுக்கு எத்தனை பாய் விரிக்க வேண்டும் என்பதை, வீட்டில் இருப்பவர்களை எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தொற்றுநோயால் தள்ளிப்போயிற்று. தொற்று போன பிறகும் அவசரப்படவில்லை. அவசரம் தவறுக்கு வழிவகுக்கும் அல்லவா. 2025 ஜூனில் வந்த அறிவிப்பின்படி, அடுத்த கணக்கெடுப்புக்கு உரிய நாள் 2027 மார்ச் 1. 2011 மார்ச்சில் பிளாட்பாரத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது பதினாறு வயது நெருங்கியிருக்கும். பல் முளைத்து, பள்ளிக்குப் போயோ போகாமலோ, மீசையும் அரும்பி நிற்கும் அந்தப் பையன் மக்கள்தொகைக் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. இத்தனை வருஷம் ஒரு பிள்ளையைக் கருவிலேயே வைத்துக் காத்த தாயுள்ளம் நம் அரசாங்கத்துக்குத்தான் உண்டு.

ஆகவே வாசகர்களே, உங்கள் தெருமுனையில், கடை வாசலில், ரயில் நிலையத்தில் படுப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், 2027 பிப்ரவரி கடைசி ராத்திரிக்கு முன் அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள். அன்றைக்கு மட்டும் விளக்குக் கம்பத்துக்குக் கீழே படுக்கச் சொல்லுங்கள். கொசு கடித்தாலும் போர்வையை முகத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மழை வந்தாலும் தார்ப்பாய் கட்ட வேண்டாம். மூட்டை தூக்கப் போக வேண்டாம், கூலி போனால் போகட்டும். போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்பினால், ஐயா, என்னை எண்ண வருவார்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் டார்ச் வெளிச்சத்தைக் கண்டால் ஓடக் கூடாது. பெண்கள் நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் தூங்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று தவறினால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கோ பதினாறு ஆண்டுகளுக்கோ அவர்கள் இந்த நாட்டில் வீடற்றவர்கள் அல்ல.