சகலை கொடுத்த ஆர்க்கிட்

“இன்னும் தூக்கிப் போடலையா?” என்று போன ஞாயிற்றுக்கிழமை சகலை கேட்டார். கேட்டுவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது வடையைப் பற்றி அல்ல, செருப்பு அலமாரிமேல் இருக்கும் ஆர்க்கிட்டைப் பற்றி. சீனப் புத்தாண்டுக்கு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து எங்களுக்குக் கொடுத்தவரே அவர்தான். அது அவருடைய அலுவலகத்துக்கு யாரோ அனுப்பியது. ரிப்பனுக்குள் செருகியிருந்த வாழ்த்து அட்டையை எடுக்க மறந்துவிட்டார், பாவம்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பூ உதிர்ந்த தண்டு, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பி, கம்பியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கிளிப், அடியில் தொங்கிப்போன இலைகள். தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்று தினமும் காலையில் நீங்களும் அதன் முன்னால் நின்றிருப்பீர்கள். ஆகவே நான் எதையும் விளக்கப்போவதில்லை. செத்துக்கொண்டிருக்கும் ஆர்க்கிட்டைப் பிழைக்கவைப்பது எப்படி என்பதை மட்டும் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

அந்தப் பீங்கான் தொட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மேலே பச்சைப் பாசி, அலங்காரத்துக்கு. பாசியை எடுத்தால் வெள்ளைத் தெர்மோகோல் கட்டிகள். கட்டிகளை எடுத்தால் கறுப்புப் பிளாஸ்டிக் குவளைகள், நெருக்கியடித்துக்கொண்டு மூன்று. ஒவ்வொரு குவளைக்குள்ளும் வேர்களைச் சுற்றி இறுக்கித் திணித்த இன்னொரு வகைப் பாசி, பிழிந்தால் சொட்டுகிறது. பீங்கானின் அடியில் ஓட்டை கிடையாது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு, மழை பெய்தால் நனைந்து, வெயில் வந்தால் காய்ந்து வாழவேண்டிய செடி இது. அதைக் குளத்தில் உட்காரவைத்து, குளத்துக்குத் தங்க ரிப்பனும் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேர் காய்ந்தால் வெள்ளியாகவும் நனைந்தால் பச்சையாகவும் இருக்கும். இவை பழுப்பாக இருந்தன. விரலால் அழுத்தினேன். மேல்தோல் உறை கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது.

இப்படிப்பட்ட சமாதியைக் கொடுத்துவிட்டு, “ராசியான செடி, பத்திரமா பாத்துக்குங்க சகல” என்று ஒரு வாசகம் வேறு. பூத்து முடித்த செடியைக் கொடுத்தவருக்கு நல்ல பெயர். சாகடித்த பழி, அதை வாங்கிக்கொண்டவனுக்கு.

செடி தொங்கியதும் வைத்தியர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி அரிசி கழுவிய தண்ணீர் என்றார். கீழ்த்தளத்து அங்கிள் பியர் என்றார், பாதியைத் தான் குடித்துக்காட்டினார். வாட்சாப்பில் என் சித்தி மகள் இளநீர் என்றாள். ஆய்வுக்கூடங்களில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்க இளநீர் சேர்ப்பது உண்மைதான். ஆனால் என்னிடம் இருப்பது விதை இல்லை, ஏறத்தாழப் பிணம். வெட்டிய வேரில் பட்டைப் பொடி தடவினால் பூஞ்சை வராது என்று ஒருவர் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதால் தடவினேன். என் மனைவி பிரியாணிக்கு வைத்திருந்த பட்டை அது. அதைப் பற்றி இங்கே மேற்கொண்டு பேச எனக்கு அனுமதியில்லை.

ஐஸ் கட்டி வைத்தியமும் உண்டு. வாரத்துக்கு மூன்று கட்டி. இதனால் செடிக்குக் கெடுதல் இல்லை என்று அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆராய்ந்து 2017-ல் சொல்லியிருக்கின்றன. எங்கள் ஃப்ரீசரில் மூன்று ஐஸ் கட்டிக்கு இடம் எங்கே? ஆட்டுக்கறி, துருவிய தேங்காய், ஊரிலிருந்து வந்த கருவாடு, என்னவென்று எழுதாத ஒரு பிளாஸ்டிக் டப்பா.

சரி, குளிர் என்று பேச்சு வந்துவிட்டது. முக்கியமான இடம் இதுதான்.

பரிசாக வரும் ஆர்க்கிட் பெரும்பாலும் ஃபலனாப்சிஸ். வெயில் நாட்டுச் செடிதான், ஆனால் மறுபடி பூத்தண்டு விடச் சில வாரமாவது குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூட்டில் வளர்த்து, பிறகு குளிரூட்டிய கொட்டகையில் 25-க்குக் கீழே இறக்கி, சீனப் புத்தாண்டுக்குச் சரியாக வாய் திறக்கவைக்கிறார்கள். சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோவில், ராத்திரி இரண்டு மணிக்குப் பனியனைப் பிழியலாம். இங்கே அது எதை நம்பிப் பூக்கும்?

ஏர்கானை நம்பி. அப்படித்தான் நானும் முடிவுக்கு வந்தேன். எங்கள் படுக்கையறையில் ஏர்கான் இருக்கிறது. ஆனால் அது இருப்பது ஒன்று, ஓடுவது வேறொன்று. 25 டிகிரியில் வையுங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. 25 சிக்கனம் என்பது அரசாங்கத்தின் கணக்கு, ஊதாரித்தனம் என்பது என் மனைவியின் கணக்கு. அவளுடைய எண் 27, கூடவே மின்விசிறி, நடுராத்திரியில் தானாக நிற்க டைமர். ஏர்கான் நின்ற பிறகு அறைக் கதவைத் திறக்கக்கூடாது, ‘குளிர் போயிடும்’. அந்தக் குளிரை விடியும்வரை நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் காப்பாற்றவேண்டும். இந்த அறைக்குள் செடியைக் கொண்டுபோனேன். “எனக்கு மூட்டு வலின்னா 27, செடிக்குன்னா 24-ஆ?” என்று ஒரே கேள்வி. அதற்கு அரசாங்கத்திடமும் பதில் இருக்காது.

மகன் அறைக்கு மாற்றினேன். அவன் 18-ல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவன். தோ பாயோவில் பிறந்தவனுக்குக் கம்பளி எங்கே கிடைத்தது என்றே எனக்குத் தெரியாது. “ப்பா, செடி என்னையே பாக்குது” என்றான். பார்க்கட்டும் என்றேன். ஏர்கான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு ஈரப்பதக் கருவி. அதன் புகை அவனுடைய கணினிமேல் படாமல் இருக்க ஒரு அட்டைத் தடுப்பு. திரைச்சீலை பகலிலும் மூடியே இருப்பதால் செடிக்கு ஊதா விளக்கு. விளக்கு நேரத்துக்கு எரிந்து அணைய ஒரு டைமர். இலை நடுவில் ஈரம் தங்கினால் குருத்து அழுகிவிடும் என்பதால் ஒரு சின்ன விசிறி. விசிறியும் விளக்கும் ஈரப்பதக் கருவியும் செருக ஒரு நீளமான பிளக். எதிர்ப் புளோக்கிலிருந்து பார்த்தால் ராத்திரியில் எங்கள் ஜன்னல் மட்டும் ஊதாவாக ஒளிரும். காப்பிக்கடையில் ஒருவர், “என்ன ப்ரோ, வீட்டுல பிசினஸா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மாதக் கடைசியில் மின்கட்டண ரசீது வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரியை அதில் பக்கத்திலேயே போட்டுக் காட்டுவார்கள், நாம் வெட்கப்படவேண்டும் என்பதற்காக. மனைவி அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. செடி திரும்ப அலமாரிக்கு வந்தது.

இந்த ஊரில் ஆர்க்கிட்டுக்கு ஏர்கான் போடக்கூடாது என்று சட்டமா? பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, போய்ப் பாருங்கள். தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் மலைநாட்டு ஆர்க்கிட்களுக்கென்றே ஒரு குளிரூட்டிய கண்ணாடி வீடு இருக்கிறது. அங்கே யாரும் டைமர் வைப்பதில்லை. தலைவர்கள் வந்தால் ஒரு புதுக் கலப்புக்கு அவர்கள் பெயரையே வைத்து அனுப்புகிறார்கள். மார்கரெட் தாட்சர், நெல்சன் மண்டேலா, 2018-ல் நரேந்திர மோடி. பெயர் வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அழுகிய வேரை வெட்டிக்கொண்டிருக்கவில்லை. செடி பூமலையில், பணியாளர்கள் பூமலையில், இவர்களிடம் சான்றிதழ் மட்டும். ஆர்க்கிட் வளர்ப்பதென்றால் இப்படி வளர்க்கவேண்டும்.

நாட்டின் மலரை வளர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். தஞ்சோங் பகாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி உண்டாக்கி, 1893-ல் பூமலை இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டிய வண்டா மிஸ் ஜோக்கிம். 1981-ல் தேசிய மலரானது. இதற்குக் குளிர் வேண்டாம், ஏர்கான் வேண்டாம், வருஷம் முழுக்கப் பூக்கும். முழு வெயில் மட்டும் வேண்டும். எங்கள் தாழ்வாரத்தில் வெயில் வருவது மாலையில் கொஞ்ச நேரம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரரின் துணிக்கம்பிக்குப் போக மிச்சம். வழியில் 1.2 மீட்டர் விட்டுத்தான் தொட்டி வைக்கவேண்டும். ஆளுயரம் போய்த் தலைக்குமேல் ஏறும் கொடியை அங்கே எங்கே நட? தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் கொசு. ஏடிஸ் புழு ஒன்று கண்ணில் பட்டால் 200 வெள்ளி அபராதம். செடிக்கு ஈரப்பதம் கொடுக்கத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றச் சொல்கிற புத்தகங்களை எழுதியவர்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறார்கள்?

எரிச்சலில் தேக்காவுக்குப் போனேன். பஃபலோ சாலையில் மாலை கட்டுகிறார்கள். கூடை கூடையாக ஆர்க்கிட். தண்டு இல்லை, இலை இல்லை, வேர் இல்லை, தலை மட்டும். ஊசியில் குத்திக் கோத்த பிறகும் மலர்ச்சி குறையவில்லை. அப்படி ஒரு மாலை வாங்கி வந்து சாமி படத்துக்குப் போட்டோம். இரண்டு மூன்று நாள் வாடாமல் இருந்தது, 27 டிகிரிகூட இல்லாமல்.

சரி, வழிமுறைக்கு வருவோம். முதலில் பாசி முழுவதையும் உதறிவிடவேண்டும். அடுத்து அழுகிய வேரை வெட்டவேண்டும். அதற்குக் கூர்மையான கத்தரிக்கோல் வேண்டும், தீயில் காட்டிச் சுத்தம் செய்தது. எங்கள் வீட்டில் உள்ளது இப்போது நெத்திலி பாக்கெட் வெட்ட அடுக்களைக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் மிச்சத்தைச் சொல்கிறேன்.