கையெழுத்தும் தலையெழுத்தும்

1993-இல் ஆப்பிள் இறக்கிய நியூட்டன், "நீங்கள் எழுதுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்த கைக்கணினி. நாம் ஒன்று எழுத, அது வேறொன்று படித்தது. டாக்டர் சீட்டைப் படிக்கும் மருந்துக்கடைக்காரரின் சாமர்த்தியம் அதற்கு வாய்க்கவில்லை. சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன்வரை போய் மானம் கப்பலேறியது.

1996-இல் வந்த பாம் பைலட் கெட்டிக்காரத்தனமாக வேலையை நம் தலையில் கட்டியது. உன் கையெழுத்தை நான் ஏன் படிக்க வேண்டும்? என் கையெழுத்தை நீ படி! பெயர் கிராஃபிட்டி. ஆங்கில 'ஏ'வுக்குக் குறுக்குக்கோடு கிடையாது, கூரை மட்டும் போட்டால் போதும். திரையின் அடியில் இருக்கும் சின்னக் கட்டத்துக்குள், எழுத்தின் மேலேயே அடுத்த எழுத்தைக் கிறுக்க வேண்டும். கோட்டு சூட்டு போட்ட மேனேஜர்களெல்லாம் பவ்யமாக அரிச்சுவடி பழகினார்கள். (வீட்டில் பிள்ளைகள் கையெழுத்து கோணினால் திட்டுவதும் இவர்கள்தான்.)

கை பழகிவிட்டதா? விடுவார்களா! இந்த எழுத்துமுறை எங்கள் சொத்து என்று பாம் மேல் ஜெராக்ஸ் 1997-இல் காப்புரிமை வழக்குப் போட்டது. அந்த வழக்கின் விளைவாக 2003-இல் கிராஃபிட்டி 2 வந்தது. ஒரே இழுப்பில் முடிந்த சில எழுத்துகளுக்கு இப்போது இரண்டு இழுப்பு. மறுபடி ஒன்றாம் வகுப்பு.

இதற்குள் பிளாக்பெர்ரிக்காரர்கள் குட்டிப் பொத்தான்களைக் கட்டைவிரலால் தட்டி, கூட்டம் முடியுமுன்னே பதில் அனுப்பிவிட்டிருந்தார்கள். கடைசியில் பாம்காரர்களே பொத்தானுக்கு மாறிவிட்டார்கள்; 2004-இல் வந்த ட்ரியோ 650-இலும் பொத்தான்தான்.