மேக்ரோ அண்ணாச்சி

நெல்லைப் பக்கத்து மென்பொருள்காரர்களில் மேக்ரோ அண்ணாச்சி என்று ஓர் இனம் உண்டு. கங்கைகொண்டான் எல்காட் பூங்காவில் பார்க்கலாம். ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து வந்து, பாளையங்கோட்டை மாடி அறையில் மேசை போட்டு அப்படியே தங்கிவிட்டவர்களிலும் பார்க்கலாம். சி மொழியில் பழம் தின்று கொட்டை போட்டவர். எழுதிய வரி எதையும் அழித்ததில்லை. "கிடக்கட்டும்டே, என்னைக்காவது ஆவும்" என்று இஃப்டெஃப் போட்டு மூடிவைப்பார்.

மூடியதைத் திறக்கும் சாவி மேக்ஃபைலில் இருக்கும். மைனஸ் டி போட்டு ஒரு பெயரைச் சொன்னால் போதும். கம்பைலர் அதன் மதிப்பை 1 என்று வைத்துக்கொள்ளும். நிரலைத் தொடவே வேண்டாம். "மருதூர் அணைக்கட்டுல ஷட்டரைத் தூக்குனா மேலக்கால்ல கடைசி வயல் வரைக்கும் தண்ணி போவுதுல்லா, அதுமாதிரி" என்பார். கடைமடைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் டீபக்கை நிறுத்த, அதன் மதிப்பை 0 என்று கொடுத்தான். திரை முழுக்க டீபக் செய்தியாகக் கொட்டியது. "ஏலே, இஃப்டெஃப் பேரு இருக்கான்னு மட்டுந்தாம்ல பாக்கும். பூச்சியமா கோடியான்னு பாக்கணும்னா வெறும் இஃப் போடணும்" என்றார். பையன் அந்தப் பெயரையே மேக்ஃபைலிலிருந்து தூக்கிவிட்டு மறுபடி மேக் அடித்தான். அப்போதும் கொட்டியது. மேக் பார்ப்பது கோப்புகளின் தேதியை. சி கோப்பு மாறவில்லை, பழைய ஆப்ஜெக்டே போதும் என்று அது சும்மா இருந்துவிட்டது. "மேக் கிளீன் அடிச்சியால?" என்று அண்ணாச்சி கேட்டது டீக்கடையில், இரண்டாவது வடைக்குப் பிறகு.

அவருக்கும் அடி விழுந்ததுண்டு. ரிலீஸுக்காக என்டீபக் போட்டார். அசெர்ட் எல்லாம் காணாமல் போயின. ஓர் அசெர்ட்டின் அடைப்புக்குறிக்குள் கோப்பைத் திறக்கும் வரியை அவரே எழுதியிருந்தார். அதுவும் கூடவே போய்விட்டது. அன்று முழுக்கக் கம்பைலருக்குத்தான் திட்டு.

லினக்ஸ் கெர்னலில் இந்தச் சாவிகளுக்கென்றே கேகான்ஃபிக் இருக்கிறது. எது எதைச் சார்ந்தது என்று அதில் எழுதியே வைத்திருப்பார்கள். அண்ணாச்சியிடம் சொன்னால், "அதெல்லாம் எதுக்குடே? எல்லாம் மண்டையில இருக்கு" என்பார். எந்த இரண்டு மேக்ரோவைச் சேர்த்துப் போட்டால் பில்ட் உடையும் என்ற விவரம் உலகத்திலேயே அந்த ஒரு மண்டையில்தான் இருக்கிறது. நெல்லையப்பர் ஆனித் தேருக்கு அவர் லீவு போடுவதற்குள், கையைப் பிடித்து உட்காரவைத்து அத்தனையையும் எழுதி வாங்கிவிடுங்கள்.