மூழ்கின கப்பலும் நம் வீட்டு மாடியும்

ஸ்டாக்ஹோம்,
ஞாயிறு இரவு (வெளியே இன்னும் வெயில்)

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத எதிர்வீட்டுக் கிழவி, அம்மாவிடம் ஜாடையிலேயே பேசி, கேக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று அம்மாவை வாசா மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கக் கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன். டிராமில் ஏறியதும் பெருக்கிவிட்டாள்.

"அப்படி என்னடா வச்சிருக்கான்?"

"ஒரு கப்பல்மா."

"எந்தெந்த தேசத்துக்குப் போன கப்பல்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 1628 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதன்முதலாகக் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போய், வழியனுப்ப வந்த கூட்டம் கரையில் நின்று பார்க்கப் பார்க்கவே சாய்ந்து மூழ்கிவிட்டது. நம் வீட்டிலிருந்து ரேஷன் கடை அதைவிடத் தூரம். "இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது என் பூர்வ புண்ணியம்.

உள்ளே ஒரே மங்கல், குளிர். "கரண்ட் போயிடுச்சா?" மரம் கெடாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றேன். கண் பழகியதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. 69 மீட்டர் நீளம், கன்னங்கரேலென்று. பின்புறத்தில் சிங்கமும் ராஜாக்களும் அடுக்கடுக்காக. நம் ஊர்த் தேரைக் கடலில் விட்டது போல இருக்கிறது. அம்மா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனாள், நான்தான் தடுத்தேன்.

333 வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது. இந்தக் கடலில் உப்பு குறைவு, அதனால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு இங்கே வாழாது. 1961-இல் மேலே தூக்கி, காய்ந்தால் வெடித்துவிடும் என்று 17 வருஷம் விடாமல் பாலிஎத்திலீன் கிளைகால் தெளித்திருக்கிறார்கள். முகத்துக்குப் பூசும் கிரீமிலும் அதுதான் கலக்கிறார்கள் என்றதும், "கட்டைக்குப் பார்த்த வைத்தியத்தை மனுஷனுக்குப் பார்க்க மாட்டானுங்க" என்றாள்.

ஏன் மூழ்கியது என்று விளக்க ஆரம்பித்ததுதான் நான் செய்த தப்பு. இரண்டு பீரங்கித் தளம், மொத்தம் 64 பீரங்கி; மேலே பாரம், அடியில் கனம் போதாது. புறப்படுவதற்கு முன் 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தில், போதும் என்று நிறுத்திவிட்டார்கள். ஓட்டத்தைத்தான், கப்பலை அல்ல. ராஜாவோ வெளியூரில் சண்டையில் இருந்துகொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு தளத்துக்குப் போட்ட கடைக்கால்ல மாடி எழுப்பாதீங்கன்னு மேஸ்திரி தலையைச் சொறிஞ்சார். உங்கப்பா கேட்டாரா? அதுக்கு மேல தண்ணித்தொட்டி வேற!"

பேச்சை மாற்ற, கப்பலுக்குள் கிடைத்த அளவுகோல்களைக் காட்டினேன். சிலதில் அடிக்கு 12 அங்குலம், சிலதில் 11. அது இன்னும் வினையாகிவிட்டது. நம் வீட்டுப் படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் இருப்பதற்கு இப்போதுதான் அவளுக்குக் காரணம் கிடைத்திருக்கிறது.

விசாரணை நடந்ததாம். யாருக்கும் தண்டனை இல்லை. கட்டிய தலைமை ஆசாரி முந்தின வருஷமே செத்துப்போயிருந்தார். "ராஜாவை யாரும் கேக்கலையா?" என்றாள். ராஜாவை எப்படிம்மா கேட்பது என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டு, உங்களுக்கென்று அந்தக் கப்பல் படம் போட்ட காந்தம் ஒன்று வாங்கினாள். ஃப்ரிட்ஜில், நீங்கள் தினமும் தண்ணீர் பாட்டில் எடுக்கும் கதவில் ஒட்டவேண்டுமாம்.

மாடிப்படிச் சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசப்போவதாகப் போனில் சொன்னீர்களே, அதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்கிறாள். இவர்களைப் போல ஒரு விளக்கு மாட்டி, கீழே வருஷத்தை எழுதி வைக்கலாமாம். டிக்கெட் எவ்வளவு வைக்கலாம் என்று இப்போது குரோனாவில் வகுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்பு மகன்