பனி தின்ற பங்கு

தமிழிலே பனி என்ற சொல்லைப்போல ஆளை ஏமாற்றுகிற சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முப்பத்துநான்கு வருஷ காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழாசிரியனாக உத்தியோகம் பார்த்து, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான், அந்தப் பனி எப்படிப்பட்டது என்று ஒரு நாளாவது யோசித்தது கிடையாது. யோசிக்க அவசியமும் நேரவில்லை. எங்கள் ஊரில் பனி என்றால், விடியுமுன் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்குகிற வேளையில், வாசலில் நிற்கும் சைக்கிளின் ஸீட்டைத் துடைத்தால் உள்ளங்கையில் ஒட்டுகிற ஈரம், அவ்வளவுதான். வெப்பமானி இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆயினும் அந்தச் சொற்ப ஈரத்துக்கு நாங்கள் செய்கிற மரியாதை சாமானியமானதன்று. காது மறைய மப்ளர் கட்டி, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, "இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்று சொல்வதில் உள்ள ஆனந்தம், போன வருஷமும் அதையேதான் சொன்னோம் என்று யாராவது நினைவூட்டும் வரையில் குறையாது.

ஆகையால், 2022-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி விடியற்காலை அமெரிக்காவிலிருந்து என் மகன் தொலைபேசியில், "அப்பா, பனிப்புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நாங்கள் புறப்பட முடியாது" என்று சொன்னபோது, அருகிலிருந்த என் மனைவி அந்த விஷயத்தைத் தன் அனுபவத்துக்கு எட்டிய அளவில் கிரகித்துக்கொண்டு, "பனிக்கா பயப்படுகிறான்? தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள்" என்றாள்.

இந்தப் பிரயாணத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மகன் இருப்பது நியூயார்க் மாகாணத்தில் பஃபலோ என்னும் நகரம். எருமை என்று பொருள்படும் ஊரிலே போய்க் குடியிருக்கிறானே என்ற வருத்தம் என் மனைவிக்கு இன்றளவும் உண்டு. சம்பந்தி இருப்பது ராஜபாளையம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பதினொரு, பன்னிரண்டு கிலோமீட்டர். சம்பந்திகள் இருவரும் இவ்வளவு சமீபத்தில் வசிப்பது சௌகரியம் என்று எண்ணுகிறவர்கள், பேரன் பேத்தி விடுமுறைக்கு வரும்போது நடக்கிற வியவகாரத்தைப் பார்த்ததில்லை.

அவர் ஒரு நூற்பாலையில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு மாந்தோப்பும், அந்த ஊர்ப் பெயரைக் கொண்ட வெள்ளை நாய் ஒன்றும் உண்டு. பிரியமான மனிதர்தான். ஆனால் எங்கள் இருவருக்கும் ஊர் அபிமானம் என்னும் வியாதி இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட குமாரசாமி ராஜாவைத் தந்தது தங்கள் ஊர் என்று அவர் தொடங்குவார். மாநில முத்திரையிலேயே நிற்பது எங்கள் கோபுரம் என்று நான் மடக்குவேன். (அது தங்கள் மேலைக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு, அதை நான் அவரிடம் பிரஸ்தாபித்ததில்லை.)

மகனும் மருமகளும் குழந்தைகளோடு டிசம்பர் 26 காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, ஜனவரி 8 வரை இருப்பதாக ஏற்பாடு. பதினான்கு நாள். இரண்டு மாதம் முன்னதாகவே நானும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 முடிய ஏழு நாள் எங்கள் வீடு, ஜனவரி 2 முதல் 8 முடிய ஏழு நாள் அவர் வீடு என்று பங்கு பிரித்தோம். முதல் பங்கு எனக்கு வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கியவன் நான். குழந்தைகள் புதிதாக வந்திறங்கும் வேகத்தில் காட்டுகிற பிரியம் எங்கள் வீட்டில் செலவாக வேண்டும், மிச்சசொச்சம் ராஜபாளையத்துக்குப் போகட்டும் என்பது என் ராஜதந்திரம்.

புயலோ அங்கே 23-ந் தேதி தொடங்கி, தொடர்ந்து முப்பத்தேழு மணி நேரம் கண்மண் தெரியாமல் வீசிற்று. அந்த விமான நிலையத்தில் ஐந்து நாளில் விழுந்த பனியை அளந்தபோது நாலடிக்கு மேல், சுமார் 132 சென்டிமீட்டர். இவ்வளவும் அந்த ஊருக்கு மட்டும் வந்து சேர்வானேன் என்று மனைவி கேட்டாள். நகரத்துக்கு மேற்கே ஈரி என்றொரு ஏரி இருக்கிறது. ஏரி என்றுதான் பெயர், எங்கள் பெரியகுளம் கண்மாயை அதற்குள் ஆயிரக்கணக்கில் கொட்டலாம். டிசம்பரில் அதன் நீர் இன்னும் உறையாமல் வெதுவெதுப்பாயிருக்கும். தென்மேற்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன்மேல் நெடுக ஓடிவரும்போது, பால்கோவாச் சட்டியின்மேல் குனிந்து ஊதினால் ஆவி முகத்தில் அடிக்கிறதல்லவா, அதுபோல ஏரியின் ஆவியையெல்லாம் வாரியெடுத்துக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. கரையில் இருக்கிற ஊர்தான் பஃபலோ. இந்த விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்ட என் மனைவி, பால்கோவா என்ற சொல் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு, "ஐயோ, இரண்டு கிலோ சொல்லிவைத்திருக்கிறோமே!" என்றாள்.

நாங்கள் நிறுத்தச் சொல்வதற்குள் அது வீடு வந்து சேர்ந்துவிட்டது. விறகடுப்பிலே பாலும் சர்க்கரையுமாகச் சுண்டக் கிளறி, சூடு ஆறுமுன் வாழையிலைத் துண்டில் வைத்துத் தின்ன வேண்டிய அந்தப் பதார்த்தத்துக்கு ஆயுள் அற்பம். மகனோ நாளைக்கு விமானம் விடலாம், மறுநாள் விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்த இக்கட்டில் எங்களுக்கு ஒத்தாசையாக வந்தவர் சம்பந்தி. துக்கம் விசாரிக்கிறவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு தினமும் பத்து மணி பஸ்ஸில் வந்திறங்குவார், மப்ளரை அவிழ்ப்பார், "ஏதாவது சேதி உண்டா சம்பந்தி?" என்பார், தட்டில் வைத்ததைத் தின்பார், சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். அந்தப் பார்வையின் தாத்பரியம் எனக்கு மூன்றாம் நாள்தான் புலனாயிற்று. பனி தின்பது என் பங்கு நாட்களை அல்லவா!

இதனிடையே மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வீட்டுக் கதவை உள்ளே இழுத்துத் திறக்கிறான். வாசற்படிக்கு அப்பால் தெரு இல்லை, மரம் இல்லை, வானமும் இல்லை. இடுப்புக்கு மேல் வெள்ளைச் சுவர். கொழுக்கட்டை அச்சிலிருந்து எடுத்த மாவில் வரிவரியாய்ப் பதிந்திருக்குமே, அப்படி அந்தச் சுவரில் கதவின் சட்டமும் கைப்பிடியும் அச்சாய்ப் பதிந்திருந்தன. ஐந்து வயதுப் பேத்தி அந்தக் கைப்பிடியின் அச்சுக்குள் விரலை விட்டு, பனிக்குக் கதவு திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீடியோவை என் மனைவி பதினைந்து தடவை பார்த்தாள். அதன்பிறகு தலையில் துண்டு கட்டும் யோசனையை அவள் எடுக்கவே இல்லை. சுக்குக் காப்பி மட்டும் போட்டுக் குடிக்கும்படி சொல்லியனுப்பினாள்.

சுக்குக்கு எங்கே போவது? இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடக்குமே என்று மருமகள், பாலும் காய்கறியும் மிஞ்சாமல் ஃப்ரிட்ஜைத் துடைத்து வைத்திருந்தாள். வாகனங்கள் தெருவுக்கு வரக் கூடாதென்று நிர்வாகத்தின் தடை, கடைகள் அடைப்பு. அரிசியும் பருப்பும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. அவை சலித்தபோது குழந்தைகளின் திருஷ்டி கட்டி வைத்திருந்த பெட்டிகளின்மேல் விழுந்தது. எனக்கும் சம்பந்திக்கும், சித்தப்பா பெரியப்பா வகையறாவுக்கும், எதிர்வீட்டாருக்கும் என்று ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த சாக்லேட்டும் பாதாமும் பிஸ்கட்டும் ஒவ்வொரு பெட்டியாக வெளிவந்தன. ஆக, ஏக காலத்தில் பூமியின் இரு பக்கங்களிலும் ஒரே குடும்பம் உட்கார்ந்துகொண்டு, இவர்களுக்கென்று வைத்ததை அவர்களும் அவர்களுக்கென்று வைத்ததை இவர்களும் தின்றுகொண்டிருந்தோம்.

மகன் எங்களுக்கு அனுப்பியதெல்லாம் இப்படிப்பட்ட வேடிக்கைகளே. மின்சாரம் போன இரவில் நாலு பேரும் ஒரே படுக்கையில் கோட்டோடு படுத்துக் கிடந்ததை அவன் அப்போது சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்தப் புயலில் மாண்டார்கள், காரிலேயே அகப்பட்டு மீளாதவர்களும் அவர்களில் உண்டு என்பதையும் நான் பிற்பாடு செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பத்தரை மணி நேர வித்தியாசத்தில், எங்களுக்கு விடிகிற வேளையில் அங்கே இருட்டி வெகு நேரமாகியிருக்கும். அந்நேரத்தில் அவன் குரல் அனாவசியமாய் உற்சாகமாயிருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று.

28-ந் தேதி முற்பகலில் விமான நிலையம் திறந்தது. ஆனால் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாகி, வரிசையில் எத்தனையோ குடும்பங்கள். இவர்களுக்கு இடம் கிடைத்தது 30-ந் தேதிதான். சென்னை வந்து, பொதிகையில் ஏறி, இங்கே சேர்வது ஜனவரி 2 காலை. நான் காலண்டரைப் பார்த்தேன். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 முடிய ஏழு கட்டங்கள். ஏழையும் ஒன்று விடாமல் பனி கபளீகரம் செய்திருந்தது. ராஜபாளையத்தின் கட்டம் ஒன்றின்மேலும் ஒரு துளி விழவில்லை.

"மிஞ்சியது ஏழு நாள். ஆளுக்கு மூன்றரை. அதுதானே நியாயம் சம்பந்தி?" என்று தொடங்கினேன்.

அவர் கடைசி விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு சாவதானமாகச் சொன்னார்: "தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன், பனியிலே மாம்பூ கருகிப்போச்சுன்னா, பக்கத்துத் தோப்புக்காரன்கிட்ட வந்து பாதி காய் கேட்பானா?"

"தகப்பன் வீடு முதலில், மாமனார் வீடு பிறகு, அதுதானே முறை?" என்று தர்மசாஸ்திரத்தைப் பிடித்தேன். அதுதான் நான் செய்த பிசகு. எங்கள் ஊர் ஆண்டாள், மார்கழிப் பகல் பத்தின் முதல் நாள், பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டுக்கு எழுந்தருளுவதும், பிறந்த வீட்டுச் சீராகக் காய்கறிகளை மலைபோலப் பரப்பி அவர்கள் வரவேற்பதும் வழக்கம். அதைப் பச்சை பரப்புதல் என்போம். "உங்க ஊர் ஆண்டாளே பிறந்த வீட்டுக்குத்தானே முதல்லே போறா? எம்பொண்ணு போகக் கூடாதா?" என்று கேட்டாரே பார்க்கலாம். என்னுடைய ஊரின் பெருமையை எடுத்து என்னையே அடித்த அந்தச் சாமர்த்தியத்தை நான் உள்ளூர ரசித்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பூகோளம் என் பக்கம் இருந்தது. சென்னையிலிருந்து வரும் ரயில் விருதுநகர், சிவகாசி, அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கப்பால்தான் ராஜபாளையம். ரயில் நின்றதும் பெட்டிகளை இறக்கிவிட்டால், இறங்கிய குழந்தைகளை மறுபடி ஏற்ற யாரால் முடியும்? அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி வேறு. ஊரே சொர்க்க வாசலுக்குப் போயிருக்க, மனைவியையும் அங்கே அனுப்பிவிட்டு, நான் மப்ளரும் துண்டுமாக ரயில் நிலையத்தில் நின்றேன். பொதிகை வந்து நின்றது. மகன் சொன்ன பெட்டியின் ஜன்னலில் முதலில் தெரிந்தது ஒரு மப்ளர். அதற்குள்ளே சம்பந்தி! முந்தின இரவே சிவகாசியில் ஓர் உறவினர் வீட்டில் போய்ப் படுத்து, அங்கேயே ரயிலேறி, மடியில் பேரனை இருத்திக்கொண்டு, "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கையசைத்தார், தம்முடைய சொந்த வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிடுகிறவரைப்போல.

பெட்டிகளை இறக்க அவகாசமில்லை. பேத்தியோ நாயைப் பார்க்க வேண்டுமென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ரயில் அசைந்தது. சொர்க்க வாசலை விட்டுவிட்டு நான் ரயில் வாசலில் ஏறினேன். ஆயுளில் முதல் முறையாக டிக்கெட் இல்லாப் பிரயாணம். (மறுநாள் ஒரு டிக்கெட் வாங்கிக் கிழித்துப்போட்டுப் பிராயச்சித்தம் செய்துகொண்டேன்.) நாலடிப் பனியிலிருந்து வந்த பேரன் அரைக்கால் சட்டையோடு வியர்த்துப்போய், இரண்டு பக்கமும் காதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காதிலே அடிபட்டிருக்கா தாத்தா?" என்று கேட்டான்.

ராஜபாளையத்தில் அந்த ஏழு நாளையும் நானும் என் மனைவியும் அவர் வீட்டிலேயே கழித்தோம். அவர் ஆட்சேபிக்கவில்லை. என் பங்கை அவர் கூரையின்கீழ் அனுபவிக்கிறேன் என்று நானும், தம் பங்கில் எனக்கு இடம் கொடுத்திருப்பதாக அவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். பெட்டிகளைத் திறந்தபோது, தின்னக்கூடியது எல்லாம் தீர்ந்து, தின்ன முடியாதது ஒன்றே மிஞ்சியிருந்தது: தாத்தாக்களுக்கென்று வாங்கிய இரண்டு கம்பளி மப்ளர்கள், ஒரே நிறம், ஒரே கடை. இருவரும் உடனே கட்டிக்கொண்டோம். அவருடையது தோளுக்குக் கீழே தொங்கிற்று. என்னுடையது நாலு விரற்கடை குறைச்சல்போலத் தோன்றிற்று. ஒரு நாள் அவர் தூங்கும்போது எடுத்து அளந்து பார்த்துவிட வேண்டும்.