கடைக்கு ஒரு டாங்கி

இத்தன டாங்கி வாங்கியும் சீனாக்காரன் ஷாங்காய்ல ஏன் தாத்தா தோத்தான்னு கேக்குறியா பேராண்டி? நல்லாக் கேட்ட போ. சியாங் கை-ஷேக் சர்க்காரு மாதிரி சாமான் வாங்குற சமத்து எவனுக்குடா வரும்? நாளைக்கு நீ தளவாய் ஆனா அந்த வழியிலயே போ.

மொதல்ல, ஒரே கடையில வாங்கிறாத. மத்த கடைக்காரன் மனசு நோகும்ல? அதான் நான்கிங்ல உக்காந்திருந்த அந்த சர்க்காரு ஆளுக பிரிட்டன்ல விக்கர்ஸ்காரன்கிட்ட ஆறு டன் டாங்கி, தண்ணியில மிதக்குற டாங்கி, கார்டன்-லாயிட் குட்டி டாங்கின்னு மூணு தினுசு வாங்குனாக. இத்தாலியில இருந்து குட்டி டாங்கி, ஜெர்மனியில இருந்து பான்சர் 1. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எஞ்சின், ஒரு உதிரிப் பாகம். மெக்கானிக் முழிச்சா முழிக்கட்டும், அவனுக்கும் பொழுது போகணும்ல.

கனமா வாங்கிறாத. பான்சர் 1-ல ரெண்டு ஆளு, ரெண்டு மெஷின் கன்னு, பீரங்கி கெடையாது. தகடு 13 மில்லிமீட்டர், என் சுண்டுவெரல் மொத்தம். எதிரிகிட்ட பீரங்கி இருந்தா? இருக்காதுன்னு நம்பணும்டா!

நிறுத்தி வைக்கவும் தெரியணும். மஞ்சூரியாவ ஆண்ட சாங் சோ-லின் பிரெஞ்சு ரெனோ டாங்கி வச்சிருந்தாரு. 1931 செப்டம்பர் 18 ராத்திரி ஜப்பான்காரன் முக்டென்ல கை வச்சான். சண்ட போடாதீகன்னு, அவருக்குப் பொறவு வந்த மகன் உத்தரவு. டாங்கியெல்லாம் நின்ன எடத்துலயே கை மாறிருச்சு. ஜப்பான்காரன் ஓட்டப் பழகக்கூட வேண்டியதில்ல, அவன்கிட்டயும் அதே ரெனோ ஏற்கெனவே இருந்துச்சு.

1937 ஆகஸ்ட்ல ஷாங்காய்ல ஜப்பான்காரனோட சண்ட. விக்கர்ஸ் டாங்கிய யாங்ஷுபூ பக்கம் தெருவுக்குள்ள விட்டாக. டாங்கி முன்னால போயிருச்சு, காலாட்படை பின்னால தங்கிருச்சு. ரெண்டும் சேர்ந்து பழகுனாத்தானே? தெருவுல டாங்கிக்காரனுக்குக் கண்ணு ஒரு கீறல் அளவு. பக்கத்துச் சந்துல எவன் நிக்கான்னு காலாட்படைதான் பாத்துச் சொல்லணும். சொல்ல ஆளில்ல. அடி விழுந்துச்சு, ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. உள்ள இருந்த பயக தைரியத்த நான் கேலி பண்ணலடா. அனுப்புனவுகளத்தான் சொல்றேன்.

கடைக்காரன் பாசத்தையும் கேளு. ஜெர்மனிக்காரன் ரெண்டு வீட்டு விருந்துலயும் கை நனைக்குற ஆளு. 1936-ல ஜப்பானோட ஒப்பந்தம். அடுத்த வருசம் சீனாவுக்கு பான்சர். சீனாவோட டங்ஸ்டன் தாது வேணும்ல! இத்தாலிக்காரனும் 1937 நவம்பர்ல அதே ஒப்பந்தத்துல போயி உக்காந்தான். டிசம்பர்ல நான்கிங் விழுந்தப்ப, பான்சர் கொஞ்சம் ஜப்பான்காரன் கையில சிக்குச்சு.

பொறவு ரஷ்யாக்காரன் டி-26 குடுத்தான். அது எது தெரியுமா? விக்கர்ஸ்காரன் ஆறு டன் டாங்கியேதான். ரஷ்யாக்காரன் லைசென்சு வாங்கி, தன் பட்டறையில மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளுனது. நான்கிங்காரவுகளுக்குப் பட்டறை எதுக்கு? கையில கிரீஸ் ஒட்டும்.

1939 டிசம்பர்ல குன்லுன் கணவாயில அந்த டி-26-ஐக் காலாட்படையோடயும் பீரங்கியோடயும் சேர்த்து விட்டாக. ஜப்பான்காரன் கணவாய விட்டு எறங்குனான். அந்த எடத்துல மட்டும் எனக்குக் கேலி பண்ண ஒண்ணும் சிக்கல.