மூக்குத் துழாவியல்

கேள், மாணாக்க. மூக்கினுள் இருப்பதைக் குச்சியால் எடுத்து அறியும் துறை துழாவியல் எனப்படும். மேலையார் கொரோனா என்பதை இந்நூல் முடிநுண்மி என்னும். உருண்டை உடலைச் சுற்றி முடிபோல் முளைகள் நிற்றலின். அதைத் தேடும் குச்சி துழாவி. குச்சியைப் பிடிப்பவர் துழாவுநர். மூக்கைக் கொடுப்பவர் துழாவுண்பார். இம்மூன்றும் நெஞ்சில் நில்லாதவன் இங்கேயே நூலை மூடி வைக்க.

நூல் பிறந்த இடம் சாகுபுரம். ஒருபால் உப்பளம், கூப்பிடு தொலைவில் காயல்பட்டினத்துக் கடல். உப்பும் கருவாடும் ஏறிய காற்றை இழுத்தே வளர்ந்த மூக்குகள் இவ்வூரின. ஆகலின் இத்துறைக்கு இதனினும் ஏற்ற ஊர் இல்லை என்பது எம் துணிபு. உடன்படாதோர் தத்தம் ஊர் மூக்குகளுக்குத் தனிநூல் செய்துகொள்க.

1. துழாவி. மாந்தர்க்கு உரியது மெலிந்து வளைவது, நுனியில் மென்மயிர் உடையது. அது உட்செல்லும் தொலைவு மூக்குத் துளைக்கும் காதுத் துளைக்கும் இடைப்பட்ட அளவு. இதை முன்கூட்டிச் சொன்னால் துழாவுண்பார் எழுந்து போவர். ஆகலின் சொல்லாமை மரபு. உட்சென்றது சில நொடி நின்று சுழன்று மீளும். மீண்டது நீர்மக் குழலுள் முறிந்து, பனிப்பெட்டி ஏறி, ஆய்வகம் சேரும். ஆங்கு நுண்மியின் ஆர்என்ஏ இழை டிஎன்ஏ ஆக்கப்பட்டு, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், நாற்பது முறை வரை இரட்டிக்கும். சிப்பி மலையைக் கிளறி ஒரு முத்தை எடுப்பது கொற்கைக் கடலார் முறை. ஒரு முத்தைச் சிப்பி மலையளவு பெருக்கிக் கண்டுகொள்வது ஆர்டிபிசிஆர் முறை.

2. உயர்திணைத் துழாவுண்பார். இவர் நால்வகையர்: பின்வாங்குநர், முன்தும்முநர், விலைபேசுநர், உரையாடுநர்.

பின்வாங்குநர், தலையால் பின்வாங்குநர், நாற்காலியோடு பின்வாங்குநர் என இருபாற்படுவர். பின்னவர் சுவரை அடைந்ததும் முன்னவர் ஆவர். முன்தும்முநர், குச்சி நெருங்கும் முன்னரே தும்முவார். இவரைப் பற்றித் துழாவுநரிடம் கேட்டறிக. விலைபேசுநர், "தொண்டையோட முடிச்சுக்கிடுங்க, மூக்கு வேண்டாம்" என்பார். தொண்டைக்கும் மூக்குக்கும் தனித்தனிக் குச்சி உண்டென அறிந்ததும் இவர் பின்வாங்குநருள் அடங்குவார்.

உரையாடுநர் அரிய வகை. 2020இல் பேருந்து நிறுத்தத்தருகே பந்தலின் கீழ் நடந்த துழாவலில் உப்பளத்துப் பாட்டி ஒருவர் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாய் அமைந்தார். பாத்தியில் உப்பு வாரிய கை. உள்ளங்கை முழுதும் வெடிப்பு. அக்கையால் துழாவுநரின் மணிக்கட்டைப் பற்றி, "எய்யா, மூளையத் தொட்டுராதிய" என்றார். குச்சி உள்ளே இருக்கையில் சொல் மூக்கொலியாய் வந்தது. ஙஞணநமன ஆறும் ஒருங்கே கேட்டதாக உடனிருந்தோர் கூறுவர். குச்சி வெளிவந்ததும், "இவ்வளவுதானா? கருவாட்டு நெடியே இதவிட ஏறும்" என்று எழுந்தார்.

இங்கு ஓர் ஐயம் எழும். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணால் வகுத்தவர். உடல், நா, மூக்கு, கண், செவி, மனம் என்னும் முறையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை எண்ணினார். முடிநுண்மியால் மணமும் சுவையும் இழந்தார் எண்ணால் நாலறிவினர் ஆவர். நண்டும் தும்பியும் இருக்கும் வரிசை அது. அவரை உயர்திணையாற் சொல்வதா, அஃறிணையாற் சொல்வதா? மணம் மீளும் வரை உயர்திணையாகவே வழங்குக, வீட்டார் வருந்துவர்.

3. அஃறிணைத் துழாவுண்பன. முதற்கண் கோழி. இத்துறையின் முன்னோன் அதுவே. முடிநுண்மி நோய் முதன்முதல் 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாக் கோழிக்குஞ்சுகளிடம் எழுதிவைக்கப்பட்டது. குஞ்சுகள் மூச்சுத் திணறிக் கழுத்து நீட்டின. மாந்த மூக்கின் முறை வர முப்பது ஆண்டு ஆயிற்று: இங்கிலாந்தின் சாலிசுபரியில் டேவிட் டைரல் குழுவினர் சளி பிடித்த பள்ளிச் சிறுவனின் மூக்கு நீரை வைத்து உழைத்தனர். அந்நுண்மியை மின்னணு நுண்ணோக்கியில் முடியோடு கண்டவர் சூன் அல்மெய்டா, கிளாசுகோவில் பேருந்து ஓட்டுநரின் மகள். முன்னர் அவர் கோழி நுண்மியின் படங்களை அனுப்பியபோது, காய்ச்சல் நுண்மியின் மங்கிய படம் என்று திருப்பியோர் உளர். 1968இல் பெயர் சூட்டப்பட்டது. திருப்பியோர் எவ்வகையர் என இந்நூல் வகுக்கவில்லை.

அடுத்து அரிமா. 2021 மே இறுதியில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் அரிமாக்கள் இரை மறுத்து இருமின. 11 துழாவப்பட்டு, போபால் ஆய்வகத்தில் 9 முடிநுண்மி உடையன எனத் தெளிந்தது. நீலா என்னும் பெண்ணரிமா சூன் 3 அன்றும், பத்மநாதன் என்னும் ஆணரிமா சூன் 16 அன்றும் மாய்ந்தன. இருதிணைக்கும் பொதுவான பெயரை விரவுப்பெயர் என்பர் நூலோர். பெயர் விரவிய கூட்டில் நுண்மியும் விரவிற்று.

யானை. வண்டலூர்ச் செய்தி கேட்ட அதே சூனில் முதுமலைத் தெப்பக்காட்டு முகாமின் 28 யானைகள் துழாவப்பட்டன. மூக்கே கையாய் இருப்பதால், நாணம் வந்தால் மூக்கைப் பொத்தக் கையில்லாத ஒரே துழாவுண்பது இது. பாகன் சொற்கேட்டு அமைந்தன. நாற்காலியோடு பின்வாங்கியது ஒன்றும் இல்லை. எடுத்தவை உத்தரப்பிரதேசத்து இச்சத்நகருக்குச் சென்றன. எவற்றிலும் நுண்மி இல்லை.

வௌவால். புனே நச்சுயிரியல் நிறுவனத்தார் 2020 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில் 586 வௌவால்கள் துழாவப்பட்டு, 25இல் வௌவாலுக்கே உரிய முடிநுண்மி கிடைத்தது. பெரும்பங்கு கேரளத்தது, தமிழ்நாட்டது 1. அந்த ஒன்றை எள்ளற்க. வகைப்பாட்டில் ஒன்றும் ஒரு வகையே.

ஒட்டகம் பற்றி வளைகுடாவில் வேலை பார்த்து மீண்ட காயல்பட்டினத்தாரைக் கேட்க.

4. கிளை. முடிநுண்மிகள் நாற்கிளையின: ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா. முன்னிரண்டும் பாலூட்டிகளின்பால்; பின்னிரண்டும் பெரும்பாலும் பறவைகளின்பால். அரிமாவைத் தாக்கிய டெல்டாத் திரிபு நான்காங்கிளையது என மயங்கற்க; அது பீட்டாக் கிளையில் பிறந்து டெல்டா என அழைக்கப்படுவது. இளையான் ஒருவனுக்கு மூத்தான் என்று பெயரிட்ட குடும்பத்தை ஒப்ப இதுவும் உலகில் நிகழும். மாந்தரைப் பற்றுவன ஏழு: தடுமனோடு ஒழியும் எளியன நான்கு, 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் தலைகாட்டிய கொடியன மூன்று.

5. திணைவழு. அஃறிணையினின்று உயர்திணைக்கு வருதல் ஏறுவழு: ஒட்டகத்தினின்று வந்த, 2012இல் தலைகாட்டிய மெர்சு. உயர்திணையினின்று அஃறிணைக்குப் போதல் இறங்குவழு: வண்டலூர் அரிமா. போய் மீண்டும் வருதல் ஊசல்வழு: 2020இல் டென்மார்க்கின் மிங்குப் பண்ணைகளில் மாந்தர் கொடுத்ததை மிங்குகள் திருப்பிக் கொடுத்தன. அந்நாட்டரசு மிங்குகளை எல்லாம் கொன்றொழிக்க ஆணையிட்டது. மாந்தர்க்குத் தனித்திருக்கும்படி மட்டும் சொன்னது.

6. புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றும் முளைப்புரதத்தின்கண் உள. ஒமைக்ரானில் 214ஆம் இடத்தில் மூன்று அமினோ அமிலம் புதிதாய் வந்தது தோன்றல். டெல்டாவில் 452ஆம் இடத்து லியூசின் ஆர்சினினாய் மாறியது திரிதல். அதே டெல்டாவில் 156, 157 மறைந்தது கெடுதல். பொன்+குடம் பொற்குடம் ஆவதை அறிந்தவனுக்கு இதில் புதிதாய்க் கற்க ஒன்றுமில்லை. தேர்வில் இரண்டையும் ஒரே வினாவாய்க் கேட்கலாம்.

புறனடை. மூக்கு உச்சந்தலையில் இருப்பன மேற்கூறிய எதனுள்ளும் அடங்கா. வெள்ளைத் திமிங்கிலத்தின் முடிநுண்மி 2008இல் அதன் ஈரலினின்றும், ஓங்கிலின் முடிநுண்மி 2014இல் அதன் கழிவினின்றும் அறியப்பட்டன. இரண்டும் காமாக் கிளையின, கோழிக்கு உறவின. 2016 சனவரியில் நம் திருச்செந்தூர்க் கரையோரம் கூட்டமாய் ஒதுங்கிய குறுந்துடுப்புத் திமிங்கிலங்களை மீனவர் கடலுக்குள் இழுத்துவிட, அவற்றுட் பல மீண்டும் கரைக்கே வந்தன. அவை பின்வாங்குநருள் சேருமா, முன்வருநர் என்றொரு புதுவகை வேண்டுமா என்பது இரண்டாம் பதிப்பில் ஆராயப்படும்.